வாசுகிக்கு வராத நோய்

நல்லாயிருக்கிற உடம்பு எப்படி ஓடுகிறது, அது எந்த இடத்தில் மக்கர் செய்கிறது என்று நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிற என் வேலையில், சம்பளம் மாதம் ஒருமுறை வரும், நோய் வாரம் ஒருமுறை வரும். எந்த நோயை நடத்துகிறோமோ அது அந்த வாரமே வகுப்புக்குள் வந்துவிடும். முதலில் மாணவிகளுக்கு, அப்புறம் நடத்தியவளுக்கு. காரைக்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். நீங்களும் இதே பாடத்தை நடத்துகிறவராகவோ, படித்துத் தொலைத்தவராகவோ இருந்தால், அடுத்த பத்தியில் கழுத்தைத் தடவிப் பார்ப்பீர்கள். ஒன்றும் இல்லை, கையை எடுங்கள்.

தைராய்டு வாரம்

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பசி பசி என்று வரும், எவ்வளவு தின்றாலும் எடை குறையும் என்று திங்கட்கிழமை நடத்தினேன். செவ்வாய்க்கிழமை பாதி வகுப்பு கையை நீட்டி, விரல்மேல் ஒரு தாளை வைத்து, அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சு வாசுகியின் தாள் பறந்தே போய்விட்டது. தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை.

தேவகோட்டையில் ஓட்டல் வைத்திருப்பவரின் மகள் இந்த வாசுகி. மற்ற பெண்களுக்கு நோய் மனசோடு நின்றுவிடும், இவளுக்கு உடம்புக்கே வந்துவிடும். அந்த வாரம் விடுதியில் எல்லோருக்கும் அகோரப் பசி. தின்றதெல்லாம் உடனே எரிந்துவிடுகிறது, எரிந்துவிடுகிறது என்று சொல்லிச் சொல்லி இட்லியை வாங்கித் தீர்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வார்டன் மீனா அக்கா என் அறைக்கே வந்துவிட்டார்.

"அடுத்த வாரமாச்சும் பசியெடுக்காத சீக்காப் பாத்து நடத்துங்க மேடம். மாவு ஆட்டுற அக்கா கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாக."

கழுத்து பார்த்த கதை

இதயம் சரியாக இறைக்காவிட்டால் ரத்தம் பின்னால் தேங்கும், கழுத்து நரம்பு புடைத்துத் தெரியும். இதை நடத்திவிட்டு, வீட்டில் யாரையாவது பாதி சாய்ந்தாற்போல் படுக்க வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பச் சொல்லிக் கழுத்தைப் பார்த்து வாருங்கள் என்றேன். சொல்கிறவள் செய்ய வேண்டாமா? நானும் என் வீட்டுக்காரரைச் சாய்த்துப் போட்டுப் பார்த்தேன். "கல்யாணத்தன்னைக்குக்கூட நீ என்னைய இம்புட்டு உத்துப் பாக்கலையே" என்றார். நரம்பு நன்றாகத்தான் இருந்தது.

வாசுகி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டலிலேயே நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அப்பாவைச் சாய்த்துவிட்டாள். களைத்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டார். மகள் பக்கத்தில் குனிந்து நின்று கண் கலங்கிக்கொண்டிருந்தாள். நோய் அப்பாவுக்கா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லையாம். பார்சல் வாங்க வந்த ஒருவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, மெல்லிய குரலில், "எத்தன மணிக்கு எடுக்குறீக?" என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா கல்லூரிக்கு வந்துவிட்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. என் பாடத்தின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வாசுகி ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். முதல் முறை ஆஸ்துமா கேட்டார்கள், இவளுக்கு இழுத்தது. அடுத்த முறை தலைசுற்றல் கேட்டார்கள், மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, படிச்சது போதும்னு கூட்டிட்டுப் போயி கல்லாவுல ஒக்கார வச்சிருவேன் மேடம். அங்கன வர்றவுக போறவுக கழுத்தையெல்லாம் நல்லாப் பாக்கட்டும்."

ஒத்திகை

விட மனசில்லை. வார்டில் அவள் ஊசி போட்டால் நோயாளி முகம் சுளிக்க மாட்டார். அப்படி ஒரு கை ஓட்டலில் சில்லறை எண்ணப் போவதா? தினமும் வகுப்பு முடிந்ததும் உட்கார வைத்து வைவா மாதிரியே கேள்வி கேட்டேன்.

காய்ச்சல் ஏறும்போது குளிர் நடுக்கம் ஏன் வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். அக்கினி வெயில், கரண்டும் இல்லை, என் முதுகில் வியர்வை வழிகிறது. வாசுகி எழுந்து போய், பயிற்சிக்காக வைத்திருக்கும் பொம்மை நோயாளியின் போர்வையை உருவிப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"காரணமெல்லாந் தெரியுது மேடம். பல்லு தந்தியடிக்கிறதுல வார்த்தை வெளிய வரமாட்டேங்குது."

மூன்றாவது வைவா

தேர்வாளர் வெளியூர்க்காரர். கல்லூரியில் அவருக்கு மதியம் செட்டிநாட்டுச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. வாசுகி வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் கேட்ட கேள்வி, "ரத்தத்துல சர்க்கரை திடீர்னு குறைஞ்சா என்னென்ன நடக்கும்?"

வியர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம்கூட வரும். இத்தனையும் இப்போது இவளுக்கு வரும், அப்பா கல்லாவைத் துடைத்து வைக்கலாம் என்று அவள் நெற்றியையே பார்த்தேன். ஒரு பொட்டு வியர்வை இல்லை. அவளோ தேர்வாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், காலையில சாப்பிட்டீகளா?"

"கேள்வி கேக்குறது நீயா நானா?" என்று கத்தினார். அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். பேனா அவர் கையிலிருந்து நழுவியது. அப்போதுதான் நானும் திரும்பிப் பார்த்தேன். மனிதர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நான் எழுவதற்குள் வாசுகி அலமாரியிலிருந்து சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து, அவர் விரலில் குத்திப் பார்த்து, முழுங்க முடிகிறதா என்று கேட்டுக்கொண்டு குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துவிட்டாள்.

கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. அவருக்கு அசட்டுச் சிரிப்பும் வந்தது. மதிய விருந்துக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தாராம். சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டாராம்! "சரி, இப்பவாவது பதில் சொல்லு" என்றார். வாசுகி அவரைக் காட்டியே திக்காமல் திணறாமல் சொன்னாள். அட்ரினலின் சுரந்ததால் வியர்வையும் நடுக்கமும், மூளைக்குச் சர்க்கரை போதாததால் தடுமாற்றமும் கோபமும்.

"அதான் சார் எம்மேல கத்துனீக. மத்தபடி நீங்க நல்லவருதான்."

அவர் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு பாஸ், மேடம். சாப்பிட்டுட்டு வந்து மீதிப் பேரைப் பாக்குறேன்."

வாசுகி இப்போது ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு இருக்கிறாள், தேவகோட்டைக் கல்லாவில் அவள் அப்பாவே உட்கார்ந்திருக்கிறார், நானோ திங்கட்கிழமை சிறுநீரகக் கல் நடத்த வேண்டும் என்பதால் இப்போதே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.