கையுறைமேல் கையுறை

சித்தூரில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது என் வேலை. ஊசிக்குப் பயப்படுகிறவர்களைக் கேலி செய்வது என் பொழுதுபோக்கு.

அன்று பங்காருபாளையம் மாங்காய் வியாபாரி ஒருவர் கையை நீட்டியபடியே, "அண்ணா, எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. மாத்திரை துன்னுக்கினு இருக்கறேன்" என்றார். ஆள் என்னைவிடத் திடமாக இருந்தார். இன்னும் எதை மறைக்கிறாரோ என்ற சந்தேகத்தில் கையுறைமேல் கையுறை போட்டேன். ரத்தம் எடுத்து முடித்ததும், குத்திய பிறகு மூடக் கூடாத ஊசியை மூடப் போனேன். இரட்டைக் கையுறையில் தடித்த விரல்கள் தடுமாறி, என்னையே குத்திக்கொண்டேன்.

விரலைப் பிதுக்கினேன், ஸ்பிரிட்டை ஊற்றினேன். மனதுக்குள் என் பாடை கிளம்பிவிட்டது.

டாக்டரம்மா ஓடிவந்தார். "பிதுக்காதீங்க, சோப்புப் போட்டுக் கழுவுங்க. மாத்திரையால அவர் ரத்தத்துல கிருமி அடங்கித்தான் கிடக்கு. ஆனாலும் தடுப்பு மாத்திரையை இப்பவே ஆரம்பிங்க."

வியாபாரி நகரவில்லை. "நான் சொன்னதாலதானே உனுக்குக் கை நடுங்கிச்சு? இனிமே எங்கயும் சொல்லாம உட்ரட்டுமாண்ணா?"

"சொல்லு நைனா. நடுங்கறது என் கைதானே" என்றேன்.

காலையிலிருந்து எதுவும் சொல்லாமல் வந்தவர்களுக்கெல்லாம் நான் வெறுங்கையோடு ரத்தம் எடுத்தது அப்போதுதான் உறைத்தது.

பிறகு செய்த சோதனைகளில் எனக்குத் தொற்று இல்லை. இப்போது யார் வந்தாலும் புதிதாக ஒரே ஒரு ஜோடி கையுறைதான். சந்தேகம் என்று வந்துவிட்டால், எல்லாரையும் சமமாகச் சந்தேகிப்பதுதான் மரியாதை.