மாமனாரின் கண்ணாடி

எங்கள் திண்டுக்கல் நாடகக் குழுவில் எனக்கு வாலிப வயசிலேயே கிழட்டு வேஷம்தான். தோல் மண்டி முதலாளியாக வருவேன். என் மகளைக் கேட்டு வந்து நிற்கிற பையனிடம் சட்டென்று மறுத்துவிட மாட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் "முடியாது" என்பேன். கொட்டகையே சிரிக்கும். வசனம் எழுதினவர் இதை எழுதவில்லை. என் மாமனாரிடம் பிடித்தது. பெண் கொடுக்க என்னை அந்த மனுஷன் அப்படி இழுத்தடித்தார்; பார்த்துப் பார்த்து மனசில் ஏறிவிட்டது.

அந்தப் பையனாக நடித்தவன் என் கூட்டாளி. என்னைவிட இளையவன், ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறோம். சினிமாவில் வேஷம் கிடைத்து மெட்ராஸ் கிளம்பினவன், என்ன வேஷமென்று சொல்லாமல், அரிதாரக் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வேஷத்தை இன்னொருவர் எடுப்பதென்றால், அதுவரை போட்டவர் கையாலேயே முதல் பொட்டு அரிதாரம் வாங்கிக்கொள்ள வேண்டும். "உங்க கையால வச்சு விடுங்கண்ணே, போய்ட்டு வாரேன்" என்றான். ஊரை விட்டுப் போகிறவன் ஆசி கேட்கிறான் என்று நினைத்தேன், மடையன். வைத்துவிட்டு அழ வேறு செய்தேன்.

படம் டவுனுக்கு வந்ததும் மனைவியோடு போய்ப் பார்த்தேன். திரையில் அவன் கிழவனாக வந்து கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், வெளிச்சத்தில் பிடித்தான். "இது எங்க அப்பால்ல?" என்றாள் அவள். தியேட்டரே சிரித்தது.

ஊருக்கு வந்தவனைப் பிடித்துக் கேட்டேன். துளிகூட முகம் மாறவில்லை.

"கேட்டுத்தானே எடுத்தேன்? நீங்கதானண்ணே பொட்டு வச்சீங்க."

பாவி, வழக்கத்தையே எடுத்து என் வாயில் திணித்துவிட்டான். குழுவில் பெரியவர்களிடம் முறையிட்டேன். வைத்தது வைத்ததுதானே என்று எழுந்து போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் ஆத்தூர்த் திருவிழாவில் நான் கண்ணாடியில் கை வைத்ததும், சினிமாவைப் பார்த்துக் காப்பி அடிக்கிறான் என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது மேடைக்கே கேட்டது. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் போல இருந்தது. நடிகன் எங்கே இறங்குவது?

சில வருஷம் கழித்து எனக்கும் மெட்ராஸிலிருந்து ஆள் வந்தது. அதற்குள் அவன் பெரிய நடிகன், தேதி கிடைக்கவில்லையாம். அவனை மாதிரியே ஒருவர் திண்டுக்கல்லில் செய்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்களாம். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே, போனேன்.

செட்டில் டைரக்டர், சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர், தன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, மாட்டிக்கொண்டார்.

"இப்படித்தான் சார் அவர் செய்வார். ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, வருதான்னு பார்ப்போம்."

நான் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "சரிங்க" என்றேன்.