நவம்பர் இருபத்தொன்று: பலகையின் கடைசி வரி

கரும்பலகையில் எழுதுகிற வேலையில் ஒரு சுகம் உண்டு, எழுதினது சாயங்காலம் அழிந்துபோகும். ஒரு கஷ்டமும் உண்டு, அதுவரைக்கும் ஊரே நின்று வாசிக்கும். நாலு பேர் பார்வையில் தினமும் எதையாவது எழுதிவைக்கிற பாவப்பட்ட ஜென்மங்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

திருவனந்தபுரம் வலியசாலையில் தமிழ்க்காரர்கள் நடத்திய ஒரு படிப்பகத்தில் நான் அட்டெண்டர். தொண்ணூற்றிரண்டில் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாயிருக்கும். செக்ரட்டரி சார் ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார். உலகத்தில் இந்தத் தேதியில் யார் பிறந்தார், யார் செத்தார், என்ன நடந்தது என்று வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். அன்றைய பக்கத்தைப் பார்த்து வாசல் பலகையில் எழுத வேண்டும். மற்ற நாளெல்லாம் என் நினைவில் சாக்பீஸ் தூசியாகப் போய்விட்டது. நவம்பர் இருபத்தொன்று மட்டும் அழியவில்லை.

மேலே யார், கீழே யார்

முதல் வருஷம் இறந்தவர்களை மேலே எழுதினேன். பெரியவர்கள், மரியாதைப்பட்டவர்கள், மேலே இருக்கட்டும் என்று என் புத்தி. பிறந்தவர்கள் கீழே. பழவங்காடி பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நேரே பேப்பர் படிக்க வருகிற ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பலகை முன்னால் நின்றார். நெற்றியில் திருநீறு இன்னும் ஈரம் காயவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், சாமி கும்பிட்டுட்டு வாறவனுக்கு வரிசையா அஞ்சு சாவு காட்டுதீரே, நான் கடையைத் திறக்கவா, வீட்டுக்குப் போய்க் குளிக்கவா?"

அன்றிலிருந்து பிறந்தவர்கள் மேலே, இறந்தவர்கள் நடுவில், நடந்த சங்கதிகள் கடைசியில்.

முங்கின கப்பல்

தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற சுகுமாரன் மலையாளி. தமிழ் பேசுவான், படிக்க வராது. சவாரி இல்லாத நேரம் வண்டியைப் படிப்பக வாசலில் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு எந்தா விசேஷம்?" என்பான். நான் வாசித்துச் சொல்வேன். முதல் உலகப் போரில் ஒரு ஆஸ்பத்திரிக் கப்பல் கடலில் முங்கினது இந்த நாளில்தான் என்றேன். அந்தக் கப்பல் அவன் கண்ணுக்குள் மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

"சங்குமுகத்துக்கு ஒரு சவாரி விளிச்சு, கடலோரத்துக்கு. இன்னைக்கு வேண்டா அண்ணாச்சி, நாளைக்குப் போகாம்."

மெஸ்காரர்

எங்கள் தெரு மெஸ்காரருக்கும் பிறந்தநாள் இருபத்தொன்றுதான். தன் பெயரையும் எழுதச் சொல்லி வருஷா வருஷம் வந்து நிற்பார். நூறு பேருக்காவது தெரிந்தவர்களைத்தான் எழுதலாம் என்று செக்ரட்டரி சார் கண்டிஷன் போட்டார்.

"நூறா? காலம்பற இட்லிக்கே நூத்தம்பது பேரு வாறான் சார். நீங்க எழுதிப் போட்டிருக்க அந்த வெளிநாட்டு ராசா கையால ஒருத்தன் இட்லி தின்னிருக்கானா?"

சிந்தூர மேகம்

அந்தப் பக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி இரண்டு வரி. 1783: பிரான்ஸில் இரண்டு பேர் முதன்முதலாகப் பலூனில் பறந்தார்கள். 1963: நம்ம ஊர்த் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் போனது. அதை எழுதினால் போதும், படிப்பகத்தில் பேப்பர் புரட்டுகிற சத்தம் நின்றுவிடும். எல்லோரும் அறுபத்துமூன்றுக்குப் போய்விடுவார்கள்.

நானும் பார்த்தேன். சாலைக் கடைத்தெருவில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். மேற்கே வானத்தில் ராக்கெட் விட்ட புகை, நூல் மாதிரி. காற்று அதைப் பிடித்து மெதுவாக இழுத்தது. அனுமார் கோவில் சிந்தூரத்தைத் தண்ணீரில் கரைத்தால் எப்படி ஓடும், அப்படி வானம் பூராவும் ஓடியது. மூட்டை முதுகில் இருக்க, இறக்கிவைக்கத் தோன்றாமல் நின்றேன். தெருவே நின்றது. மாட்டுவண்டிக்காரன் மாட்டை விட்டுவிட்டு நின்றான்.

அக்ரகாரத்திலிருந்து வாரப் பத்திரிகை மாற்ற வருகிற மாமி ஒருத்தி சொன்னாள்: "கொடியில காய்ஞ்ச புடவையை எடுக்கப் போனேன். அப்படியே நின்னுட்டேன். கீழே பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு, மாமியார் வாயில விழுந்தேன். ஆனா இன்னொரு தரம் வந்தாலும் நிப்பேன், பால் பொங்கினா பொங்கட்டும்!"

எல்லோரும் சிரித்தோம். மூலையில் இருந்த ஆறுமுகம் அண்ணாச்சி மட்டும் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார்.

நாற்காலி

ஆறுமுகம் அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்துக்காரர். மனைவி இல்லை. ஒரே மகள் பகவதி, அவள் வீட்டில்தான் இருந்தார். அடுத்த வருஷம் இருபத்தொன்றாம் தேதி காலையில் எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றார். "அந்த ராக்கெட்டு வரி மட்டும் வேண்டாம் வே" என்றார். செக்ரட்டரி சாரிடம் கேட்டேன். "பாரிஸ் பலூனை எழுதிட்டு நம்ம ஊர் ராக்கெட்டை விடவா?" என்று கோபப்பட்டார். எழுதினேன்.

அண்ணாச்சி ஒரு நாற்காலியை இழுத்துப் பலகைக்கு முன்னால் போட்டு, கடைசி வரி மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பேப்பர் படிக்க வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

"அன்னிக்குத் தும்பாவுல ராக்கெட்ட சைக்கிள்ல வச்சுக் கொண்டுபோனான். இப்பம் நம்ம அண்ணாச்சி முதுகுல சுமக்காரு, பாத்துக்கிடுங்க!"

ஆஸ்பத்திரி முற்றம்

ஐந்தாறு வருஷம் பொறுத்தேன். ஒரு தரம் எனக்கே எரிச்சல் வந்தது. எழுதின எழுத்தை முதுகால் அழித்தால் எந்த எழுத்துக்காரனுக்குத்தான் பொறுக்கும்? "அண்ணாச்சி, அந்த வரி உங்களை என்ன செஞ்சது?" என்று கேட்டுவிட்டேன். படிப்பகத்தில் வேறு ஆள் இல்லை. சொன்னார்.

பகவதி பிறந்தது அந்தச் சாயங்காலம். பிரசவத்தில் தாய் போனதும் அதே சாயங்காலம். தாயை முழுங்கின பிள்ளை என்று ஒரு நாக்கும் சொல்லக் கூடாது என்று, கைக்குழந்தையோடு தெரு மாறினார். மகளுக்குச் சித்திரையில் ஒரு நாளைப் பிறந்தநாள் என்று சொல்லி, பள்ளிக்கூடத்திலும் அதையே கொடுத்தார். அம்மா காய்ச்சலில் போனாள் என்றார். திதி பார்த்துத் திவசம் கொடுக்கிற வீட்டில் இங்கிலீஷ் தேதி யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் அவள் போனது ராக்கெட் போன அன்றைக்கு என்பது பழைய ஆட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். யாராவது இந்த வரியைப் பார்த்து வாய் தவறினால் மகள் காதுக்குப் போய்விடும். அதுதான் பயம். அதுமட்டும் இல்லை.

"ஆஸ்பத்திரி முத்தத்துல அம்புட்டுப் பேரும் மேல பாத்துட்டு நிக்கோம். நானும் வாயப் பொளந்துட்டு நிக்கேன். நர்சம்மா வந்து தோளத் தொட்ட பெறவுதான் திரும்பினேன். உள்ள அவ என்னைக் கூப்பிட்டாளோ என்னமோ வே."

அதற்கப்புறம் அந்த நாளில் நானே நாற்காலியைப் போட்டுவைத்தேன்.

நாற்பது

இரண்டாயிரத்து மூன்று. நாலு மணி இருக்கும். அண்ணாச்சி நாற்காலியில் கண் அயர்ந்திருந்தார். பகவதி படியேறி வந்தாள். ஆபீசிலிருந்து நேரே வந்திருக்கிறாள், தோளில் பை.

"இங்க போர்டு எழுதுகது யாரு?"

"நான்தாம்மா."

"வருஷா வருஷம் இந்த ஒரு நாள் எங்கப்பா சட்டை முதுகெல்லாம் சாக்பீஸு. துவைக்கது நானாக்கும்."

குரல் கேட்டு அண்ணாச்சி விழித்தார். முதுகை இன்னும் அழுத்திக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போ மக்கா. நான் வாறேன்."

"எந்திரிங்கப்பா."

எழுந்தார். வரி பாதிக்கு மேல் அழிந்திருந்தது. வருஷமும் தும்பாவும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. பகவதி அதைப் பார்த்தாள். அவள் முகம் மாறவில்லை.

"அத்தை எப்பமோ சொல்லியாச்சுப்பா. எனக்கு மூத்தவன் பிறந்தப்பவே."

"பின்ன ஏன் மக்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல?"

"நீங்க பாடுபட்டு மறைச்சிட்டிருந்தீங்க. நான் போய்க் கெடுக்கவா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் மேல பாத்துட்டு நின்னுட்டேன் மக்கா. உள்ள போகல்ல."

"அம்மையும் அதைத்தான் பாத்துட்டுக் கிடந்தாளாம், ஜன்னல் வழியா. பக்கத்துல இருந்த அத்தைகிட்ட, 'அவரும் பாக்காரா'ன்னு கேட்டாளாம். பாக்காருன்னு அத்தை சொன்னாளாம். அம்புட்டுத்தான். இதை உங்ககிட்ட சொல்லலாம்னா, அந்த நாளைப் பத்தி யாரையாவது வாயத் திறக்க விட்டீங்களா நீங்க?"

அண்ணாச்சி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தரம் பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தெருவில் வெயில் சாய்ந்து, ஓட்டு விளிம்பெல்லாம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பகவதி தோள் பையைச் சரிசெய்துகொண்டாள்.

"எந்திரிங்கப்பா, கடைக்குப் போவோம். வயசு நாப்பதாச்சு, பிறந்தநாளன்னிக்கு ஒரு பாயசம் நான் குடிச்சதில்ல. இந்த அண்ணாச்சிக்கும் ஒரு டம்ளர் குடுத்து விடணும்."

போர்டு எழுதுகிறவன் பிழைப்பு இவ்வளவுதான்: ஊருக்கெல்லாம் தெரிந்ததை எழுதிப்போட்டு, ஒரு வீட்டுக்குத் தெரியக் கூடாதே என்று வருஷக்கணக்காக நெஞ்சு அடித்துக்கொண்டு, அந்த வீட்டில் முன்னாலேயே தெரியும் என்பதைக் கடைசி ஆளாகத் தெரிந்துகொண்டு, பாயசத்தைக் குடித்துவிட்டு நாளைத் தேதியை எழுதப் போவது.