பேனரில் இருப்பவர் ராணி அக்கா அல்லர்

பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் அம்மா வாசலிலேயே சொன்னார்: "ராணி போய்ட்டாடி." எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்த ராணி அக்கா, டெங்குக் காய்ச்சலில் மருத்துவமனையிலேயே இறந்துவிட்டார்.

அக்கா சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். உற்பத்தி லைனில் நிற்கும்போது கம்மல், வளையல் எதுவும் கூடாது. சாம்பல் நிறச் சீருடையும் தொப்பியும்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை உடுத்துவதைப் பரீட்சைபோல் எடுத்துக்கொள்வார். சேலையைக் கட்டிலில் விரித்து, வளையல், கம்மல், கைப்பை எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்.

ஒருமுறை பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் பச்சைச் சுடிதார், பச்சை வளையல், பச்சைக் கிளிப், பச்சைச் செருப்போடு அக்கா முன்னால் போய் நின்றேன்.

"ஏட்டி, சன்னலச் சாத்து, கிளி பறந்துரப் போவுது!" என்று சிரித்தார். கிளிப்பையும் வளையலையும் கழற்றிவிட்டு, தம்முடைய கடுகு மஞ்சள் துப்பட்டாவைப் போட்டுவிட்டார். "ஒண்ணு பேசட்டும், மத்ததெல்லாம் கேக்கணும். எல்லாம் பேசுனா சந்தக்கடைதான்."

அவர் இறந்த மறுநாள் காலை, தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் தொங்கியது. அவரை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஒப்பந்தக்காரர் வைத்தது. அடையாள அட்டையிலிருந்த முகத்தை வெட்டி, யாரோ ஒரு மணப்பெண்ணின் உடலில் ஒட்டியிருந்தார்கள். ஊதாப் பட்டு, அடுக்கடுக்காக ஆரம், ஒட்டியாணம், பச்சைக்கல் நெற்றிச்சுட்டி. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒப்பந்தக்காரர், அக்காவைவிடப் பெரிதாக.

அக்காவின் அம்மா ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் இது படக்கூடாது. என் அம்மாவின் போனில் இருந்த அக்காவின் ஞாயிற்றுக்கிழமைப் படத்தோடு ஒப்பந்தக்காரரிடம் ஓடினேன்.

"இத போட்டு மாத்திடுங்கண்ணா. அது அக்காவே இல்ல."

"இன்னா பாப்பா, செத்தவங்களுக்கு மேட்சிங் பாத்துக்கினு கீற? நகையெல்லாம் போட்டு எவ்ளோ கிராண்டா கீது! அவங்கம்மா பாத்தா சந்தோஷப்படும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாவுக்கு வந்தவர்கள்!

அக்காவின் அம்மா வந்து இறங்கினார். பேனரை அண்ணாந்து பார்த்து, "இது யாரு வீட்டுப் பிள்ள, பாவம்?" என்றார்.

"உங்க பொண்ணுதாம்மா" என்றார் ஒப்பந்தக்காரர்.

அந்த அம்மா மறுபடி பார்த்தார். "எம்மவ இப்படி உடுத்த மாட்டா."

ஒப்பந்தக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். யாரும் பேனரை அவிழ்க்கவில்லை. அந்த அம்மா மாடிக்கு வந்தார். அக்காவுக்கு உடுத்திவிட, அலமாரியிலிருந்து அரக்குக் கரை போட்ட சந்தன நிறச் சேலையை எடுத்தார். "வளையல் மட்டும் போதும்லா தாயி?" என்று என்னைக் கேட்டார். போதும் என்றேன்.

பேனர் இன்னும் தொங்குகிறது. ஒரகடம் பேருந்திலிருந்து அதைப் பார்ப்பவர்களே, நம்பாதீர்கள். ராணி அக்கா சந்தன நிறச் சேலையில், கை நிறைய அரக்கு வளையலோடு, காதில் ஒன்றுமில்லாமல், ஆம்புலன்ஸில் ஊருக்குப் போனார். அழகாக இருந்தார்.

போய் வாருங்கள், அக்கா.