கேப்பு எடுத்த துப்பாக்கி

துபாய்ப் பக்கம் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே எனக்கு வேலை. என்ன வேலை என்றால், மற்றவர்களைச் சந்தேகப்படுகிற வேலை. அதற்குச் சேஃப்டி அசிஸ்டென்ட் என்று பெயர் வைத்து, பச்சைத் தொப்பி ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளியே நாற்பது பேரை நிற்க வைத்து, அரைகுறை இந்தியிலும் முழுத் தமிழிலும் பிரசங்கம் செய்வேன். லைட்டர் உள்ளே போகக்கூடாது. போன் உள்ளே போகக்கூடாது. ஹோஸைக் கழற்றுகிறவன் முதலில் பிரஷரை இறக்க வேண்டும். "காலி, காலின்னு எவன் சொன்னாலும் நம்பாத. உள்ள இருக்குன்னு நெனச்சே கை வை" என்று முடிப்பேன். இந்தக் கடைசி வரியை நான் சொல்லும் தோரணை எனக்கே பிடிக்கும். சில நாட்களில் இரண்டு தடவை சொல்வேன்.

இந்தப் பச்சைத் தொப்பிக்காரன்தான் ஊரில் பரண்மேல் ஒரு துப்பாக்கியை மருந்து கெட்டித்தபடியே வைத்துவிட்டு பிளேன் ஏறினான்.

எங்கள் ஊர் தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. மக்காச்சோளம் போட்டால் பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்றிக்கு. அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பிறகு என் பெயருக்கு வந்தது. பயிரைக் காப்பாற்றத்தான் லைசென்ஸ். அந்தக் காகிதத்தில் வேட்டை என்ற சொல்லே கிடையாது. அதனால் என்ன? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் போகும்போதெல்லாம் நான் வேட்டைக்காரன். ஆறு லீவில் நான் சுட்டு வீழ்த்திய பன்றிகள் ஒன்றும் இல்லை. இங்கே லேபர் கேம்ப்பில் சொல்லி வைத்திருப்பது நான்கு.

அது வாய் வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கி. கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈயக்குண்டைப் போட்டு, மறுபடி நார் வைத்து நீளமான கம்பியால் இடிக்க வேண்டும். கடைசியாகப் பின்பக்கத்துத் துளையின்மேல் சின்னச் செம்புக் கேப்பைப் பொருத்த வேண்டும். குதிரை என்கிற சின்னச் சுத்தியல் அதன்மேல் விழுந்தால் வெடிக்கும். கெட்டிப்பது சுலபம், இறக்குவதுதான் பெரும்பாடு. ஒன்று சுட்டுத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் திருகுக் கம்பியை விட்டு உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுக்க வேண்டும்.

போன லீவின் கடைசிச் சாயங்காலம் துப்பாக்கியைக் கெட்டித்துக்கொண்டு சோளக்காட்டு ஓரம் போய் உட்கார்ந்தேன். அன்று பன்றிகளுக்கு வேறு அலுவல் இருந்திருக்க வேண்டும். பொழுது மங்கியதும் எழுந்து வந்துவிட்டேன். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சத்தம் கேட்டால் தெரு முழுக்க ஓடி வந்து, "எத்தன கிலோ தேறும்?" என்று கேட்கும். வெறுங்கையைக் காட்ட எனக்கு வெட்கம். கேப்பை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துப்பாக்கியைப் பரணில் ஏற்றினேன்.

கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, உள்ள ஏதும் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்றேன்.

மறுநாள் திருவனந்தபுரத்தில் பிளேன். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டு பேரும் பரண் ஏறத் தெரிந்தவர்கள். இதை எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

கேம்ப்பில் என் ரூமில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், சாரம் கட்டுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை வேட்டைப் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது, கெட்டித்த துப்பாக்கியை அடுத்த லீவு வரைக்கும் அப்படியே வைக்கலாம் என்று வாய்விட்டேன். "மருந்து உள்ளதானண்ணே கெடக்கு?" என்றார் அவர். நான் விடவில்லை. கேப்பை எடுத்துவிட்டால் அது வெறும் கம்பு, அடுப்பில் வைத்துக் காபி கலக்கலாம் என்கிற அளவுக்கு விளக்கம் கொடுத்தேன். பிரியாணி ஆறிப்போகும்வரை பேசினேன். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பிறகு ஊரில் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்தபின் திருப்பித் தருவார்கள். முந்தைய தேர்தல்களில் அது காலித் துப்பாக்கி. அதனால் இந்த விதி எனக்கு நினைவிலேயே இல்லை.

ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து, கேட்டு லாக்கரிலிருந்து போனை எடுத்தேன். ஊரில் அப்போது மணி ஒன்றரை. மனைவியிடமிருந்து ஒரு படமும் இரண்டு வாய்ஸ் மெசேஜும் வந்திருந்தன.

முதல் மெசேஜ்: "ஏங்க, போலீஸ்காரர் வந்து சொல்லிட்டுப் போனாரு. எலெக்‌ஷனாம்லா, துப்பாக்கியக் கொண்டு ஒப்படைக்கணுமாம். ஒரு மணி பஸ்ஸுல போயிட்டு வந்திருதேன்."

படத்தில் பஸ் ஸ்டாப். நான் இங்கிருந்து சுமந்துகொண்டு போன புலிப்படம் போட்ட கம்பளிக்குள் துப்பாக்கியைச் சுற்றி, அடிக்கட்டையைத் தரையில் ஊன்றியிருந்தாள். பஸ் வரும்வரை நிற்கக் கால் வலித்திருக்கும். துப்பாக்கி வாய்மேல் இரண்டு கையையும் வைத்து, கையின்மேல் மோவாயை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா எடுத்த படமாக இருக்க வேண்டும், நன்றாகத்தான் எடுத்திருந்தார்.

இரண்டாவது மெசேஜ் பஸ் இரைச்சலோடு இருந்தது. "உக்கார எடம் கெடைச்சிட்டு. நீளமா இருக்குன்னு கண்டக்டர் இத இஞ்சின் மேல சாத்தி வைக்கச் சொன்னாரு. டிரைவர் பக்கத்துல பத்திரமா இருக்கு."

எங்கள் ஊர் பஸ் இஞ்சின் மூடியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சித்திரை மாதத்தில் அதன்மேல் தோசை வார்க்கலாம். போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையடிவாரச் சாலையில் டவர் கிடைக்காது. இனி மெசேஜ்தான் வழி.

"இறங்கினதும் அதைத் தொடாத, உள்ள மருந்து இருக்கு" என்று பேசி அனுப்பினேன். அனுப்பியதும் யோசனை வந்தது. பஸ்ஸுக்குள் டவர் கிடைத்து, இவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் ஊர் முழுக்கத் தெரியுமே. அழித்தேன். பிறகு, "வாயைக் கீழ்ப்பக்கமாப் பிடி, எதுக்கும் ஒரு ஜாக்கிரதைக்குத்தான்" என்று அனுப்பினேன். ஏன் என்று அவள் கேட்பாள், ஸ்டேஷனில் போய்ச் சொல்வாள், லைசென்ஸ் போகும். அதையும் அழித்தேன். மூன்றாவதாக, "ஸ்டேஷன்ல ஏதாவது கேட்டா உனக்குத் தெரியாதுன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டு, அதை நானே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அந்தக் குரலை எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் அழித்தேன்.

சாரம் கட்டுகிறவர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கேப்பு இல்லாட்டி கம்புதானண்ணே?" என்றார். "கம்புக்கு எதுக்கு இம்புட்டு வேர்க்குது?"

வெட்கக்கேடு என்னவென்றால், சாப்பிட்டேன். ஒரு மணிக்குப் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். வெல்டிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் துணியைப் போட்டுவிட்டான் என்று ஒரு பங்களாதேஷ்காரரை எல்லாருக்கும் முன்னால் கால்மணி நேரம் திட்டினேன்.

ஐந்து மணிக்கு டியூட்டி முடிந்து வெளியே வந்ததும் அவளே கூப்பிட்டாள். உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியில் எனக்குக் கண் கலங்கியது. அவள் குரலில் கலக்கம் எதுவும் இல்லை.

"ஸ்டேஷன்ல உள்ள காலியான்னு கேட்டாவ. எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல சேஃப்டி ஆபீசரு, அதெல்லாம் காலி பண்ணித்தான் வச்சிருப்பாருன்னு சொன்னேன். ஏட்டு சிரிச்சுட்டே கம்பிய உள்ள விட்டுப் பாத்தாரு. கம்பி முழுசா எறங்கல. நாலு விரக்கடை மேல நிக்கி, உள்ள மருந்து கெடக்கு. அவ்வளவுதான், உள்ள இருந்த அத்தன பேரும் வெளிய வந்துட்டாவ. என்னைய ரெண்டு மணி நேரம் வெயில்ல நிறுத்தி வச்சிட்டாவ."

"மறந்துட்டேன்மா" என்றேன். "சத்தியமா மறந்தே போச்சு."

கேம்ப் பஸ் டிரைவர் ஹாரன் அடித்து "யல்லா, யல்லா" என்று கூப்பிட்டார். நாற்பது பேரும் ஏறிவிட்டார்கள்.

"பஸ்ஸ விட்டு எறங்கிப் போனப் பாத்தேன்" என்றாள். "மூணு மெசேஜ் அனுப்பி, மூணையும் அழிச்சிருக்கிய. ஸ்டேஷனுக்குள்ள போறதுக்கு முந்தியே பாத்துட்டேன். அதுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்றேன்.

"பரண்ல வைக்கும்போதும் இதத்தான் சொன்னிய" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.