தியேட்டர் வாசலில் அவள் சொன்ன கருத்து

இரண்டு வருடத்துக்கு முன், திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் நடந்தது இது. ஆடி மாசம். ஏற்றுமதிக்குச் சரக்கு போக வேண்டிய வாரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அந்த மாதிரி வாரத்தில் லீவு கேட்டால் இரண்டே காரணம்தான் செல்லும். ஒன்று சாவு, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. அதனால் எங்கள் எல்லோர் வீட்டிலும் அடிக்கடி யாராவது படுத்துக்கொள்வார்கள். அம்மாவைப் பெற்ற என் அப்புச்சியையே நான் இரண்டு முறை சாகடித்திருக்கிறேன்.

நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை, தையல் பிசகு பார்க்கிற வேலை. பதினோரு வருட சர்வீஸ். என்னோடு சிநேகமாக இருந்த அவள் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷினில் உட்காருகிறவள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. கை வேகமும் சரி, நாலு பேரை முகம் சுளிக்காமல் வேலை வாங்குகிற சாமர்த்தியமும் சரி, அவளுக்கு ஈடு யாருமில்லை. எங்கள் லைனுக்கு முதன்முதலாக ஒரு பெண்ணை சூப்பர்வைசராகப் போடப் போகிறார்கள், அது அவள்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முதல் ஆளாகப் போய் வாழ்த்துச் சொன்னது நான். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். வயிறு எரிந்தது.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் கராத்தே படித்தவள். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வலது கையில் சோறு, இடது கையில் செல்போன். அதில் எந்நேரமும் ஒரே சண்டை கேம்தான். அந்த கேமையே சினிமாவாக எடுத்து, தமிழில் டப் செய்து, எங்கள் ஊரிலும் போட்டார்கள். சனிக்கிழமை என் மேசைக்கு வந்து குனிந்து, "ஏளா, மாமியாளுக்கு ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு நாளைக்குக் காலக் காட்சிக்குப் போறேன். ஒன்ட்ட மட்டுந்தான் சொல்லுதேன்" என்றாள்.

"போயிட்டு வா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் டீ நேரத்தில் செல்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன். படம் பார்த்து வருகிறவர்களிடம் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்பார்களே, அப்படி ஒரு வீடியோ. நம் ஊர் தியேட்டர் வாசல்தான். ஒருவன் கிராபிக்ஸ் மட்டம் என்கிறான். இன்னொருவன் கேமில் இருந்ததில் பாதிகூடப் படத்தில் இல்லை என்று சண்டைக்கே வருகிறான். அடுத்தது அவள். பூ வைத்து, நல்ல சேலை கட்டி, முகமெல்லாம் பல்லாக நிற்கிறாள்.

"கதை கிதையெல்லாம் எனக்குத் தெரியாது. படத்துல சண்ட போடுத அந்தப் பிள்ளை நாலு தடவ கீழ விழுது. அஞ்சாந்தடவையும் எந்திச்சு நிக்கி, பாத்தீயளா? அதுக்காவவே இன்னொருக்கா பாப்பேன்."

கீழே கமெண்டுகளில் வழக்கம்போல, போய்ச் சோறாக்குங்கக்கா என்று நாலு பேர். நான் அவர்களைவிட மோசம். அந்த வீடியோவை எங்கள் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மேலே, 'நம்ம கராத்தே வீராங்கனை! மாமியார் குணமாயிட்டாங்க போல' என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு வைத்தேன். குரூப்பில் மேனேஜர் இருப்பது எனக்குத் தெரியும். போட்டதை எல்லோர் செல்லிலிருந்தும் அழிக்கிற வசதியும் அதில் இருந்தது. விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். ஒவ்வொருவராகப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் நேராக அவள் மெஷினுக்கு வந்தார். கோபமே இல்லை, எங்கள் ஊர் மரியாதைதான். "ஏனுங்க அம்மணி, மாமியாருக்கு இப்பத் தேவலைங்களா? படம் நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டு, வீடியோவைச் சத்தமாகப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார். லைனே சிரித்தது. பொய் சொல்கிறவளை நம்பி எப்படிங்க லைனைக் குடுக்கறது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொய் சொல்லாமல் அங்கே ஒருநாள் லீவு எடுத்தவர் யார் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அவள் அழவில்லை. கையிலிருந்த பீஸைத் தைத்து முடித்து, நூலை வெட்டிவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். திட்டுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"அந்த வேல ஒனக்கு வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நானே விட்டுக் குடுத்திருப்பேனே" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் அந்த வேலையை எனக்கே கொடுத்தார்கள். இப்போது நான்தான் சூப்பர்வைசர். மதியம் நான் அந்தப் பக்கம் போனால் பெண்கள் செல்லைக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறார்கள். விளையாட்டுக்குத்தான் போட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் நம்பிவிட்டார். ஆனால் நான் கேட்டிருந்தால் அவள் நிஜமாகவே கொடுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இது என் வேலை என்று மனதாரச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.