சிறில் பெயரில் ஓடிய கம்பெனி

சிறில் வேலையிலிருந்து ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. அந்தச் செய்தி அவருடைய கம்பெனிக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

தம்புள்ளையில் விதையும் உரமும் விற்கும் கம்பெனி அது. அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது சிறில்தான் ஸ்டோர் பொறுப்பாளர். விலையை மாற்றவும், கெட்டுப்போன சரக்கைக் கழிக்கவும் அவர் பெயருக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. அவருடைய பாஸ்வேர்ட், தேநீர் போடுகிறவர் வரை எல்லோருக்கும் மனப்பாடம். அதைப் போட்டதும் அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை அவர் சொன்னால்தான் வேலை நடக்கும்.

அவரோ இப்போது லக்கலையில் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறார். போனுக்குச் சிக்னல் கிடைப்பது அங்கிருக்கும் பாறை மேல் மட்டும்தான். இரவில் யானைக்குக் காவல், காலையில் பாறையேறிக் கம்பெனிக்குக் காவல். முழங்கால்கள் எப்போதோ ராஜினாமா செய்துவிட்டன.

"பேசாம அந்தப் பாறையையே கட்டியிருக்கலாம் நீங்க" என்பாள் மனைவி அஞ்சலா.

இந்த மாதம் நிரஞ்சனி என்றொரு பெண்ணைக் கம்பெனி அமர்த்தியது. யார் எதைத் திறக்கலாம் என்று அவள் புதிதாக வகுத்தாள்: அவரவர் பெயரில், அவரவர் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும். வேலையை விட்டவரின் கணக்கு அன்றே மூடப்படும். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். சிறிலின் கணக்கை மூட, அவரிடமிருந்து கடைசியாக ஒரு நம்பர் வேண்டும்.

அன்று பாறையில் முதலில் வந்தது மனேஜர் ஜெயக்காந்தனின் அழைப்பு.

"சிறிலண்ணே, அந்தப் புள்ள கேட்டா நம்பரச் சொல்லிராதீங்க."

"ஏன் சேர், எல்லாருக்கும் தனித்தனியா குடுக்கிறாங்களாமே?"

"அதுதானே பிரச்சினை. இப்ப விலையில பிழை வந்தா உங்க பேர்ல விழுது. லக்கலைக்கு வந்து யாரு கேக்கப்போறாங்க? இனி என் பேர்லதானே விழும்."

சிறிலுக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. அடுத்து வந்தது நிரஞ்சனியின் அழைப்பு.

"அங்கிள், நம்பர் வந்திச்சா?"

"வந்திச்சி மகள். பழைய பிழையெல்லாம் அழிஞ்சிருமா?"

"அது உங்க பேர்லதான் இருக்கும் அங்கிள். அழிக்க ஏலாது." அவள் குரல் இறங்கியது. "கணக்குப் பார்க்கிற ஒடிட்காரங்க கூப்பிட்டா, நீங்க வேலைய விட்ட திகதியச் சொல்லுங்க."

"சரி. இனி விழுறதாவது அவங்கவங்க பேர்ல விழட்டும். எழுதிக்கங்க."

நம்பரைச் சொல்லிவிட்டு மெல்ல இறங்கி வந்தார்.

"முடிஞ்சிதா?" என்றாள் அஞ்சலா.

"கம்பெனி முடிஞ்சிது. இனி ஒடிட்காரங்க கூப்பிடுவாங்களாம்."

"வேணும்னா அவங்க ஏறி வரட்டும். நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.